சம்பாவுக்கு முன்னால் ஊரில் ஒரு நாள் விதைப் பகிர்வும் செய்முறைப் பயிற்சியும்: எப்படி நடத்துவது?

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் சின்ன இயற்கை விவசாயக் குழு எங்களுடையது. ஜூலைக் கடைசியில், சம்பா நாற்றங்கால் வேலை தொடங்குவதற்குள், ஊரில் ஒரு நாள் நிகழ்வு வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். கோயில் மண்டபம் கிடைக்கும். பக்கத்திலேயே குறுவை நட்ட வயலும் இருக்கிறது. சுற்று ஊர்களிலிருந்து 60 முதல் 80 பேர் வரலாம்.

கையில் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, கருப்புக் கவுனி, காட்டுயானம் விதை இருக்கிறது. வீட்டுத் தோட்டக் காய்கறி விதையும் சிலர் கொண்டு வருகிறார்கள்.

கேட்க வேண்டியவை:

1. விதையைச் சும்மா கொடுப்பதா, விலைக்கா, திருப்பித் தரும் கணக்கிலா? சட்டச் சிக்கல் வருமா?
2. ஒரே நாளில் கையால் செய்து காட்டக் கூடியது எது, கூடாதது எது?
3. வேளாண் துறையிடம் என்ன கேட்கலாம், எப்படிக் கேட்பது?
4. நிகழ்வுக்குப் பிறகு இரண்டு இளைஞர்களை முறையாகக் கற்க அனுப்ப வேண்டும். எங்கே அனுப்பலாம்?

மேடைப் பேச்சு நிகழ்ச்சியாக முடிந்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் கவலை.

---

விதைநெல்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், அதுவே நீளும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் தொடங்கி வைத்த நெல் திருவிழாவின் முறைதான் டெல்டாவுக்குப் பழகியது: 2 கிலோ விதை வாங்குகிறவர் அடுத்த அறுவடையில் 4 கிலோ திருப்பித் தர வேண்டும். அதையே வைத்துக்கொள்ளுங்கள். இலவசம் என்று அறிவித்தால் நிலமே இல்லாதவரும் பை நீட்டுவார், விதை சமையலுக்குப் போகும். 2 கிலோவை அற்பம் என்று நினைக்க வேண்டாம். ஒற்றை நாற்று நடவில் ஒரு ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதையும் ஒரு சென்ட் நாற்றங்காலும் போதும். பழைய வழக்கப்படி கொத்தாக நடுகிறவருக்கு அதே 2 கிலோ கால் மா நிலத்துக்கும் வராது. வாங்கும்போதே எந்த முறையில் நடப்போகிறார் என்று கேட்டு, விதைப் பெருக்கத்துக்கு ஒற்றை நாற்றாக நடச் சொல்லுங்கள். கலவன் (வேற்று ரகப் பயிர்) பிடுங்கவும் அதுதான் வசதி.

சட்டம்: 2001-ம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-ம் பிரிவு, விவசாயி தன் விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்கவும் உரிமை தருகிறது. விலக்கு ஒன்றுதான்: பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைப் பெயர் அச்சிட்ட பொட்டலமாக, பிராண்டு போட்டு விற்கக் கூடாது. ஆகவே குழுவின் பெயரில் பளபளப்பான பாக்கெட் அடிக்க வேண்டாம். துணிப்பையும் கையால் எழுதிய சீட்டும் போதும்.

சீட்டில் இவை இருக்கட்டும்: ரகம், அறுத்த பட்டம், ஊர், வயது, சாயுமா சாயாதா, முளைப்பு சதவீதம். வயதை விட்டுவிடாதீர்கள். காட்டுயானம் 180 நாள் ரகம். தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரியாத மேட்டு வயல்காரர் அதை எடுத்துப் போனால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் காய்ந்திருக்கும்.

முளைப்புச் சோதனையை நிகழ்வுக்குப் பதினைந்து நாள் முன்பே ஒவ்வொரு மூட்டைக்கும் செய்துவிடுங்கள். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் கைவிட்டு எடுத்துக் கலந்து, அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நூறு விதை எண்ணுங்கள். நல்ல விதையாகப் பொறுக்கி எண்ணினால் அது சோதனையே இல்லை. நனைத்துப் பிழிந்த சாக்குத் துண்டில் வரிசையாக வைத்துச் சுருட்டி நிழலில் சாய்த்து வையுங்கள். ஈரம் காயாமல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேரும் குருத்தும் இரண்டும் வந்ததை மட்டும் பத்தாம் நாள் எண்ணவும். வேர் மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பது கணக்கில் சேராது. சான்று விதைக்கான அளவுகோல் 80 சதவீதம். 60க்கும் 80க்கும் இடையில் இருந்தால் சீட்டில் எழுதி, விதையைக் கூட்டிக் கொடுங்கள். 60க்குக் கீழே போனதைக் கொடுக்காதீர்கள். முளைக்காத விதை வாங்கிப் போனவர் அடுத்த ஆண்டு உங்கள் மண்டபத்துப் பக்கமே வர மாட்டார்.

உப்புக் கரைசலில் விதைத் தேர்வு செய்து காட்டலாம், கூட்டம் விரும்பிப் பார்க்கும். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல்லுப்பில் தொடங்குங்கள். புது முட்டை ஒன்றைப் போட்டால் மிதந்து, நாலணாக் காசு அகலத்துக்கு ஓடு வெளியே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் உப்பு கூட்டவும். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும், அதை வைத்துப் பார்த்தால் கணக்குத் தப்பும். ஒரு தடவைக்கு மூன்று கிலோவுக்கு மேல் விதை கொட்டாமல், கையால் நன்றாகக் கலக்கி விடவும். மீசை உள்ள ரகங்களில் காற்றுக் குமிழி ஒட்டி நல்ல விதையும் மிதக்கும். மிதப்பதை வடித்துவிட்டு, மூழ்கியதை மூன்று தண்ணீரில் கழுவவும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

முக்கியம்: பகிரப் போகும் விதையை இப்படிக் கழுவிக் கொடுக்காதீர்கள். பையில் ஈரமாகப் போனால் வீடு சேர்ந்த மறுநாளே சூடேறி முளைகட்டும். காட்டுவதற்கு ஒரு கிலோவை ஒதுக்கிக்கொண்டு, மற்றவர்கள் விதைக்கு ஊறப்போடும் அன்று வீட்டில் செய்துகொள்ளட்டும்.

காய்கறி விதையில்தான் ஆபத்து அதிகம். தக்காளி, அவரை, கொத்தவரை பெரும்பாலும் தன் மகரந்தம், தைரியமாக வாங்கலாம். பூசணி, சுரை, பீர்க்கு, புடலை எல்லாம் அயல் மகரந்தம். சான்று விதை உற்பத்தியில் இவற்றுக்கு இரண்டு ரகங்களுக்கிடையே 500 மீட்டர் விலக்கு கேட்கிறார்கள். வெண்டைக்கு 200, கத்தரிக்கு 100. வீட்டுக் கொல்லையில் அந்த இடைவெளி ஏது? பூவைக் கட்டிக் கைமகரந்தம் செய்தால்தான் ரகம் நிற்கும். சுரைப் பூ சாயங்காலம் விரியும், பூசணி விடியலில். விரிவதற்கு முன்பே ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டி, விரிகிற நேரத்தில் அவிழ்த்துத் தொட்டுவிட்டு, பெண் பூவை மறுபடி கட்டி வைக்க வேண்டும். எப்படி எடுத்த விதை என்று சொல்லத் தெரியாதவரிடம் சுரை விதை வாங்காதீர்கள். கசப்புச் சுரையோடு கலந்தது என்றால் காய் கசக்கும். கசக்கும் சுரைக்காய் உடம்புக்கு விஷம், ருசிக் குறை என்று விட்டுவிடக் கூடாது.

---

எருக்குழி:

இரண்டாம் கேள்விக்கு. ஒரே நாளில் காட்ட முடியாததை ஒரே நாளில் காட்ட முயல்வதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது. பயிருக்குத் தெளிக்கும் பஞ்சகவ்யக் கரைசல் ஒரு மாத வேலை. மேடைக்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு வாளியில் கொட்டிக் கலக்கிக் காட்டினால் பார்க்கிறவர் வீட்டிலும் அப்படியே கொட்டுவார், புழு வைக்கும்.

செய்ய வேண்டியது: மூன்று டிரம், மூன்று வயது. ஒன்று நிகழ்வுக்கு 30 நாள் முன்பு தொடங்கியது, ஒன்று 10 நாள் முன்பு, ஒன்று அன்றைக்கு அவர்கள் கையாலேயே தொடங்குவது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கெட்ட வாடைக்கும் புளித்த வாடைக்கும் உள்ள வித்தியாசம் மூக்குக்குத்தான் புரியும்.

பஞ்சகவ்ய அளவு: பசுஞ்சாணம் 7 கிலோ, நெய் 1 கிலோ. இவை இரண்டையும் பிசைந்து மூன்று நாள், காலை மாலை கிளறி விடவும். பிறகு கோமியம் 10 லிட்டர், தண்ணீர் 10 லிட்டர் சேர்த்துத் தினமும் இருவேளை கலக்கி 15 நாள். அதன் பிறகு பால் 3 லிட்டர், தயிர் 2 லிட்டர், இளநீர் 3 லிட்டர், வெல்லம் 3 கிலோ, நன்றாகப் பழுத்த பூவன் பழம் 12. முப்பதாவது நாள் தயார். மண்பானை, சிமென்ட் தொட்டி, பிளாஸ்டிக் எதுவும் ஆகும், உலோகம் வேண்டாம். வாயை மெல்லிய துணியால் கட்டவும். ஈ முட்டையிட்டால் கதை முடிந்தது. தெளிக்கும் அளவு 3 சதவீதம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. இரண்டு முறை வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். ஆட்கள் பஞ்சகவ்யத்தைக் கைவிடுவதற்குப் பாதிக் காரணம் இந்த அடைப்புதான்.

மண்ணில் நுண்ணுயிரைக் கூட்டும் ஜீவாமிர்தக் கரைசல் நிகழ்வுக்கு ஏற்றது, 48 மணி நேரத்தில் தயாராகிவிடும். ஏக்கருக்கு: 200 லிட்டர் தண்ணீர், புதுச் சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு அல்லது உளுந்து மாவு 2 கிலோ, மருந்து படாத வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் சாக்குப் போட்டு மூடி, காலை மாலை கிளறவும். காட்டுவதற்குப் பாதி அளவு போதும். இதில் தப்பு எங்கே வருகிறது? ஒன்று, பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். குளோரின் போட்டிருந்தால் ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டு, மூடியை இறுக்கித் திருகி வைப்பது. மூன்று, ஏழு நாளுக்கு மேல் வைத்து ஊற்றுவது.

மீன் அமிலத்துக்கு மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் எடைக்கு எடை. சர்க்கரை விலையைப் பார்த்துப் பாதியாகக் குறைத்தால் அது அமிலம் ஆகாது, அழுகும். டப்பாவில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடவும். 21 நாள். 10 லிட்டருக்கு 50 மில்லி இளம்பயிருக்கு, 100 மில்லி வளர்ந்த பயிருக்கு. கூடினால் இலை நுனி கருகும்.

ஜூலையில் வைப்பதில் ஒரு வசதி: வேப்பம்பழம் உதிரும் காலம். பழத்தைப் பொறுக்கி, தோல் நீக்கி, கழுவி, நிழலில் காயவைப்பதிலிருந்து காட்டலாம். வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதத்துக்கு 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு, ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் 10 கிலோ. இடித்த தூளைத் துணியில் கட்டி ராத்திரி ஊறவைத்து, காலையில் பால் வடியும் வரை பிழிந்து, அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, காதி சோப்பு 200 கிராம் கரைத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு அன்றே அடிக்க வேண்டும். அன்றைக்கு எப்படியும் இந்த ஆண்டுக் கொட்டை காய்ந்திருக்காது. போன ஆண்டுக் கொட்டையை வைத்துச் செய்முறையைக் காட்டலாம், ஆனால் எட்டு மாதம் தாண்டிய பருப்பில் வீரியம் குறைவு என்று சொல்லிவிடுங்கள்.

---

கரம்பை:

எருக்குழி அண்ணன் சொன்ன அளவுகளில் குறையில்லை. ஆனால் எந்த நிகழ்வுக்குப் போனாலும் டிரம்மைச் சுற்றித்தான் கூட்டம், மண்ணைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. 200 லிட்டர் ஜீவாமிர்தத்தில் ஒரு ஏக்கர் நெல்லுக்கு வேண்டிய தழைச்சத்து இல்லை. அது நுண்ணுயிரைக் கூட்டும், அதற்குத் தின்ன மண்ணில் ஏதாவது இருக்க வேண்டும். ரசாயன உரத்தை ஒரே பட்டத்தில் நிறுத்திவிட்டு வெறும் கரைசலை நம்பினவர்தான் "இயற்கையில் விளையாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

அதனால் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை, 45 நாளில் பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழுவது. ஜூலைக் கடைசிக்கு நிகழ்வு என்றால் ஜூன் பத்து, பன்னிரண்டுக்குள் மண்டபத்துக்குப் பக்கத்தில் இரண்டு குழி நிலத்தில் விதைத்துவிட்டால் அன்றைக்குச் சரியான வயதில் நிற்கும்.

காட்டும் முறை: செடியைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் சுற்றி வெட்டி மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அமுக்கி மெதுவாகக் கரைத்தெடுங்கள். வேரில் கடுகும் மிளகுமாக முடிச்சு தெரியும். ஒன்றைக் கிள்ளி நகத்தால் இரண்டாகப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அதுதான் தழைச்சத்தைப் பிடிக்கிற முடிச்சு. உள்ளே வெள்ளை என்றால் இன்னும் முதிரவில்லை அல்லது வேலை செய்யாத ரைசோபியம் பாக்டீரியா. பச்சை, பழுப்பு என்றால் காலம் கடந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேரைக் கொடுத்துவிட்டால் போதும், பேச்சே வேண்டாம்.

மண் மாதிரி எடுப்பதையும் அங்கேயே முடித்துவிடலாம். நெல் வயலுக்கு 15 செ.மீ. ஆழம், ஆங்கில 'வி' போலக் குழி வெட்டி அதன் ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ் வரை ஒரே கனத்தில் சீவி எடுப்பது, ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடம். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்கைத் தள்ளி, அரைக் கிலோவுக்குக் கொண்டு வரவும். வரப்போரம், எருக்குவியல் இருந்த இடம், மரநிழல், வாய்க்கால் வாய் வேண்டாம். இதை உரச் சாக்கில் கட்டி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிறகு சாம்பல்சத்து அதிகம் என்று முடிவு வந்தால் யாரைக் குறை சொல்வது.

---

வெண்ணாற்றங்கரை:

மூவருக்கும் நன்றி. முடிச்சு வெட்டிக் காட்டுவது பிடித்திருக்கிறது, தக்கைப்பூண்டு விதை இருக்கிறது, விதைத்துவிடுகிறோம். இத்தனையையும் ஒரே நாளில் எப்படி அடுக்குவது? அப்புறம் எங்கே பேசினாலும் "புகையான் வந்தா என்னய்யா பண்ணுவ?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது (புகையான் என்பது நெல்லின் அடித்தூரில் சாறு உறிஞ்சும் பூச்சி). அதற்கு வாயால் சொல்லும் பதில் எடுபடவில்லை.

---

வரப்போரம்:

வாயால் சொல்லாதீர்கள், வயலில் இறக்குங்கள். நிகழ்வைக் காலை 7 மணிக்கு மண்டபத்தில் தொடங்காமல் வயலில் தொடங்குங்கள். பத்து மணி வெயிலில் சிலந்தி, தட்டான், நாவாய்ப்பூச்சி எல்லாம் தூருக்குள் அடங்கிவிடும், மனிதர்களும் அப்படித்தான்.

உழவர் வயல்வெளிப் பள்ளி முறை இதற்கென்றே வந்தது. 1989-ல் இந்தோனேசியாவில் உலக உணவு வேளாண் நிறுவனத்தின் துணையோடு நெல்லில் தொடங்கினார்கள், காரணமே புகையான்தான். அதற்கு முன்பு 1986-ல் அந்நாட்டு அரசு நெல்லில் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. மருந்து புகையானைத் தின்னும் பூச்சிகளை முதலில் கொன்று, புகையானைப் பெருக்கியதுதான் அங்கே நடந்தது.

செய்முறை: ஐந்து பேருக்கு ஒரு குழு. ஒவ்வொரு குழுவும் வயலில் குறுக்காக நடந்து பத்துக் குத்து (ஓரிடத்தில் நட்ட பயிர்க் கொத்து) பார்க்க வேண்டும். குத்தைத் தொடாமல் முதலில் மேலே பறப்பதை எண்ணு, பிறகு இலை, கடைசியில் அடித்தூரை விலக்கித் தண்ணீர் மட்டத்தில் பார். அடியில் தட்டினால் புகையான் தண்ணீரில் விழும். தூர் (கிளைத்த தண்டு) எத்தனை, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று தாளில் குறித்து, மண்டபத்துக்கு வந்து சார்ட்டில் நடுவில் பயிர், ஒரு பக்கம் தீமை செய்யும் பூச்சி, மறுபக்கம் நன்மை செய்யும் பூச்சி என்று வரைந்து, "மருந்து தேவையா இல்லையா" என்று அவர்களே முடிவு சொல்ல வேண்டும். படம் அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை. அச்சடித்த படத்தைக் கொடுத்துவிட்டால் பார்வை வேலை செய்யாது.

முடிவுக்குக் கையில் இருக்க வேண்டிய அளவுகோல்: புகையான் தூருக்கு 1. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். இலைச்சுருட்டுப்புழு என்றால் வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச்சேதம். குருத்துப்பூச்சிக்கு 10 சதவீத நடுக்குருத்துக் காய்தல் அல்லது சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான வயல் இந்த அளவுக்குக் கீழேதான் நிற்கும், அந்த இடத்தில்தான் விவாதம் சூடு பிடிக்கும்.

இன்னொன்று, கண்ணாடி போன்ற பெரிய தண்ணீர் பாட்டிலை மேல் பாதி வெட்டி, உள்ளே நாலு நெல் தூரை வேரோடு ஈரமண்ணில் நட்டு, பத்துப் பன்னிரண்டு புகையானை எண்ணி விட்டு, ஓர் ஓநாய்ச் சிலந்தியை விட்டு வலைத்துணியால் கட்டுங்கள். முந்தின நாள் சாயங்காலமே செய்துவிட்டால் மறுநாள் மதியம் மிச்சத்தை எண்ணலாம். சிலந்தி இல்லாத இன்னொரு பாட்டில் பக்கத்திலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் "வெக்கையில செத்திருக்கும்" என்பார்கள். வெயிலில் வைத்தால் நிஜமாகவே இரண்டும் செத்துவிடும்.

அன்றைய வேலைகளை இப்படி அடுக்கலாம். 7 முதல் 9 வயல். சாப்பிட்டுவிட்டு 9.30க்கு மண்டபத்தில் சார்ட். 10.30லிருந்து நான்கு மூலையில் நான்கு வேலை: விதை, கரைசல், தக்கைப்பூண்டும் மண்ணும், வேப்பங்கொட்டை. கூட்டத்தை நான்காகப் பிரித்து மூலைக்கு 35 நிமிடம், மணி அடித்து மாற்றுங்கள். ஒரு மூலையில் 20 பேருக்கு மேல் போனால் பின்வரிசை பீடி பிடிக்கப் போய்விடும். விதை கொடுப்பதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வைக்க வேண்டும். காலையிலேயே கொடுத்தால் பதினோரு மணிக்கு வண்டி கிளம்பிவிடும். மேடை, பொன்னாடை, வரவேற்புரை மூன்றும் வேண்டாம். யாராவது பேசியே ஆக வேண்டும் என்றால் சாப்பாட்டு வரிசை நிற்கும்போது பத்து நிமிடம்.

துறையிடம் கேட்பது: வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் மூன்று வாரம் முன்பே மனு. விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் அரசின் ஆத்மா திட்டத்தில் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளர் இருப்பார், அவரையும் நேரில் பாருங்கள். அரசின் உழவன் கைபேசிச் செயலியிலும் பயிற்சிக்குப் பதிவு செய்யும் வசதி உண்டு. "நிகழ்ச்சிக்கு ஒத்துழைப்பு வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் தலைமை தாங்க ஒருவர் வருவார், அவ்வளவுதான். "பூச்சி அடையாளம் காட்ட ஒருவர், மண் மாதிரி வாங்கிப்போக ஒருவர், டிரைக்கோகிரம்மா (பூச்சி முட்டையை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவி) அட்டை 2 சிசி" என்று பொருளாகக் கேளுங்கள். ஆத்மாவின் பண்ணைப் பள்ளி 25 பேர் கொண்டது, பயிரின் முக்கியப் பருவங்கள் ஒவ்வொன்றிலும் வயலில் கூடுவது. சம்பாவுக்கு அப்படி ஒன்றை உங்கள் ஊரில் வைக்கச் சொல்லி அன்றைக்கே 25 கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டால் ஒருநாள் நிகழ்வு முழுப் பட்டத்துக்கும் நீளும்.

---

நீராகாரம்:

தம்பிங்களா, சாப்பாட்டை மறந்துட்டீங்க. விதை வாங்கிப் போறவரு விளைச்சு வீட்டுக்குக் கொண்டு வந்தா, "இதை யாரு திங்கிறது"ன்னு ரெண்டாம் நாளே கேள்வி வரும். பொண்ணுங்க வந்து ருசி பார்த்தாதான் ரகம் ஊருல நிக்கும். காலைக்கு மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி, மதியத்துக்குத் தூயமல்லிச் சோறு போடுங்க. தூயமல்லி வெள்ளைச் சோறு, யாரும் மூஞ்ச சுளிக்க மாட்டாங்க. கருப்புக் கவுனியை முந்தின ராத்திரியே ஊறப்போடணும், எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஊறாததை குக்கர்ல எத்தனை விசில் விட்டாலும் நறுக்குன்னுதான் இருக்கும். அதைச் சோறா போடாம வெல்லம், தேங்காய் போட்டு இனிப்பா கொடுங்க, சின்னக் கிண்ணத்துல. சிவப்பரிசிக்குத் தண்ணி ஒண்ணுக்கு நாலாவது வேணும். சமையல்காரருகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, பொன்னி கணக்குல வச்சா அடிபிடிச்சுடும்.

---

தாளடி:

நான்காம் கேள்விக்கு. இளைஞர்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்பதைப் பொறுத்து இடம் மாறும்.

பக்கத்திலிருந்து தொடங்கலாம். நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம் உங்கள் மாவட்டத்துக்கு உரியது, பயிற்சிகளுக்கு அங்கே பெயர் கொடுத்து வைக்கலாம். நெல் என்றால் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம். விதைப் பாதுகாப்புக்கு ஆதிரெங்கம். சீர்காழிப் பக்கம் இந்திய அறிவுமுறை மையத்தினர் இயற்கை வேளாண்மையிலும் பாரம்பரிய விதையிலும் நீண்டகாலமாக வேலை செய்கிறார்கள்.

தங்கிப் படிக்க, கரூர் மாவட்டம் கடவூர்ப் பக்கம் சுருமான்பட்டியில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் உருவாக்கிய வானகம். வறண்ட மலையடிவாரத்தில் மழைநீரைத் தேக்கி மண்ணை மீட்ட இடம். புதுக்கோட்டை மாவட்டம் ஒடுகம்பட்டியில் 'குடும்பம்' என்ற அமைப்பின் கொழிஞ்சிப் பண்ணையும் அப்படித்தான், மானாவாரி நிலம். இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் டெல்டாக் களிமண்ணில், ஐப்பசி கார்த்திகையில் வடிகால் இல்லாமல் முழங்கால் தண்ணீர் நிற்கும் வயலுக்கு அங்குள்ள வரப்புக் குழியும் மூடாக்கும் அப்படியே பொருந்தாது. அங்கே பார்க்கும் பார்வையைக் கற்றுவிட்டு, நெல் வேலையை உள்ளூரில் பழகட்டும்.

காசு கட்டிப் போகும் வார இறுதிப் பயிற்சிகள் இப்போது நிறைய. கட்டும் முன் நாலு கேள்வி: பயிற்சி நாளில் அங்கே வயலில் என்ன பயிர், எந்த வயதில் நிற்கிறது? ஒரு தொகுதிக்கு எத்தனை பேர்? கையால் செய்யும் நேரம் எவ்வளவு? பண்ணையின் வரவு செலவுக் கணக்கைக் காட்டுவார்களா? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் அங்கே வருமானம் பயிரிலிருந்தா, பயிற்சிக் கட்டணத்திலிருந்தா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இருவரில் ஒருவருக்குச் சான்றிதழ் வேலையைப் பழக்கினால் குழுவுக்கு உதவும். பங்கேற்பு உத்தரவாத முறையில் பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டுப் பதிய வேண்டும். ஏற்றுமதிக்கோ பெரிய கடைக்கோ என்றால் கோயம்புத்தூரில் தலைமை இடம் கொண்ட தமிழ்நாடு உயிர்மச் சான்றளிப்புத் துறை. ஆண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டு மாற்றுக்காலம். எந்த வழியானாலும் வயல் குறிப்பேடு இல்லாமல் நகராது: தேதி, என்ன போட்டோம், எங்கிருந்து வாங்கினோம், பக்கத்து வயல் மருந்துத் தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது. அந்த நோட்டைப் பிடிக்கத் தெரிந்த ஓர் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

---

வெண்ணாற்றங்கரை:

குறித்துக்கொண்டோம். நீராகாரம் அக்கா, கவுனி இனிப்பு உறுதி. கடைசியாக ஒன்று: தை மாசியில் 4 கிலோ கணக்கு திரும்பி வரும்போது எங்கே, எப்படி வைப்பது? போன ஆண்டு அந்துப்பூச்சி சில மூட்டையைத் தின்றுவிட்டது.

---

விதைநெல்:

வாங்கும்போதே பல்லில் கடியுங்கள். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்திருக்கிறது, நசுங்கினால் திருப்பிக் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உச்சி வெயிலில் சிமென்ட் தளத்தில் காயவைத்தது என்றால் கரு வெந்திருக்கும். காலை 8லிருந்து 12 வரை, பிறகு 3லிருந்து 5 வரை என்று இரண்டு மூன்று நாள் காயவைப்பதே முறை. சூடு ஆறிய பிறகு மூட்டை கட்டவும்.

அந்துப்பூச்சி வயலிலேயே முட்டையிட்டு மூட்டையோடு வீட்டுக்கு வருவது. மேல்பரப்பில்தான் அதன் வேலை, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போவது குறைவு. அதனால் தளர்வாகப் பாதி மூட்டையாக வைக்காமல் நிறைத்து இறுக்கித் தைத்து, புதுச் சாக்கில், உள்ளே காய்ந்த நொச்சி இலையோ வேப்பிலையோ போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி மரப்பலகை மேல் அடுக்குங்கள். பழைய சாக்கு என்றால் கொதிக்கும் தண்ணீரில் முக்கிக் காயவைக்காமல் பயன்படுத்த வேண்டாம், தையல் மடிப்புக்குள் புழு இருக்கும். ஒரே ரகத்தை ஒரே வீட்டில் வைக்காமல் இரண்டு வீட்டில் பிரித்து வையுங்கள்.

ஒவ்வொரு மூட்டைக்கும் வெளியே ஒரு சீட்டு, உள்ளே ஒரு சீட்டு. வெளிச் சீட்டை எலி தின்றுவிடும்.